ஏழு இருக்கை பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கலாமா? செங்காங் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். என் கணவர் வாரத்தில் ஐந்து நாளும் ஜூரோங்கிற்கு வேலைக்குப் போகிறார். போகவர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். எங்களுக்கு ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். வாரயிறுதிகளில் அத்தையும் மாமாவும் எங்களுடன் வருவார்கள். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. மாதத்திற்கு ஒருமுறை ஜோகூருக்கும், பள்ளி விடுமுறையில் ஈப்போவிலுள்ள உறவினர் வீட்டிற்கும் போவோம். எங்கள் பழைய காரின் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடியப்போவதால் ஏழு இருக்கை கொண்ட பிளக்-இன் ஹைப்ரிட் (கம்பி செருகி மின்னூட்டி மின்சாரத்திலும், பெட்ரோலிலும் ஓடும்) எஸ்யூவி ஒன்றைப் பார்த்திருக்கிறோம். மின்சாரத்தில் மட்டுமே 90 கிலோமீட்டர் ஓடும் என்றும், 100 கிலோமீட்டருக்கு 1.5 லிட்டர் பெட்ரோல்தான் செலவாகும் என்றும் விற்பனையாளர் சொல்கிறார். அதே காரின் சாதாரண ஹைப்ரிட் (வெளியிலிருந்து மின்னூட்டத் தேவையில்லாத) வடிவத்தைவிட இதன் விலை 14,000 வெள்ளி கூடுதல். என் தம்பியோ நான்கு வயதான ஐரோப்பிய பிளக்-இன் கார் ஒன்றை வாங்கச் சொல்கிறான். எதை, எப்படிச் சோதித்து வாங்குவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். வாகன மதிப்பீட்டாளர் என்ற முறையில் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை காரைப் பற்றி மட்டுமே பேசும். உங்கள் கடிதமோ குடும்பத்தின் பயணங்களை முழுமையாகச் சொல்லியிருப்பதால் நேராகவே பதில் சொல்ல முடிகிறது. உங்கள் கணவரின் வேலையிடத்தில் மின்னூட்டும் வசதி இருந்தாலோ, உங்கள் வீவக வாகன நிறுத்துமிடத்தில் வாரத்தில் நான்கு இரவுகளாவது மின்னூட்ட இடம் கிடைக்கும் என்று உறுதியானாலோ இந்தக் காரைப் பரிசீலிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் 14,000 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரண ஹைப்ரிட்டை வாங்குங்கள். இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதை விளக்கினால், அதே கணக்கை உங்கள் சொந்த எண்களை வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த 1.5 லிட்டர். அது பொய்யான எண் அன்று. ஆனால் உங்கள் வீட்டிற்கான எண்ணும் அன்று. பிளக்-இன் ஹைப்ரிட்டை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது, மின்கலம் நிறைந்த நிலையில் ஒரு முறையும் தீர்ந்த நிலையில் ஒரு முறையும் அளந்து, உரிமையாளர் எவ்வளவு தூரத்தை மின்சாரத்தில் ஓட்டுவார் என்ற ஓர் ஊகத்தின்படி இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறார்கள். அந்த ஊகம் நீண்ட காலமாக மிகத் தாராளமாக இருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2021-இல் பதிவான கார்களில் பொருத்தப்பட்ட அளவுகருவிகளின் தரவுகளைத் திரட்டி 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, சோதனையில் காட்டிய அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் 20 விழுக்காட்டளவே. பொறியியல் குறை இதற்குக் காரணமில்லை. பலர் காரை வாங்கிய பிறகு எதிர்பார்த்த அளவுக்கு மின்னூட்டவில்லை என்பதே பெரிய காரணம். ஆகவே விற்பனையாளரிடம் அந்த ஒரே எண்ணைக் கேட்காமல், மின்கலம் தீர்ந்த நிலையில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். கூடவே, 90 கிலோமீட்டர் என்பது எந்தச் சோதனை முறையில் கிடைத்தது என்றும் கேளுங்கள். ஐரோப்பாவின் பழைய சோதனையான என்இடிசி முறையிலோ சீனாவின் சிஎல்டிசி முறையிலோ வந்த எண் என்றால் அதிலிருந்து கணிசமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப்பின் வந்த சோதனையான டபிள்யூஎல்டிபியின் எண் சற்று நம்பத்தக்கது.

சிங்கப்பூர்ச் சாலையில் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். இந்த அளவிலான எஸ்யூவியில் 18 கிலோவாட்-மணி (மின்சார அளவின் அலகு) மின்கலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பகுதியைக் கார் எப்போதும் கையிருப்பாக வைத்துக்கொள்ளும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 15. ஏர்கான் ஓயாது ஓடும் நம் வெப்பத்தில், குடும்பத்தை ஏற்றிச் செல்லும் கனமான கார் 100 கிலோமீட்டருக்கு 20 கிலோவாட்-மணி எடுக்கும் என்று கொண்டால் 75 கிலோமீட்டர் ஓடலாம். உங்கள் கணவரின் 60 கிலோமீட்டர் இதற்குள் அடங்கிவிடுகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் மறுநாளும் அப்படியே ஓட வேண்டுமென்றால் அன்றிரவே மின்னூட்டியாக வேண்டும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்: பெட்ரோலும் இருப்பதால் மின்னூட்டுவது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாத கார் பிளக்-இன் ஹைப்ரிட் என்றும், முழு மின்சாரக் காருக்குத்தான் மின்னூட்டி அருகிலேயே இருக்க வேண்டும் என்றும் எண்ணுகிறார்கள். மின்சாரத்தில் ஓட்டும் பயனை உண்மையிலேயே பெற வேண்டும் என்று பார்த்தால் நிலைமை வேறு. 65 கிலோவாட்-மணி மின்கலம் கொண்ட முழு மின்சாரக் காருக்கு உங்கள் பயன்பாட்டில் வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை மின்னூட்டினால் போதும். சிறிய மின்கலம் கொண்ட பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கோ ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் மின்னூட்ட வேண்டும். தனக்கென்று சுவரில் ஒரு மின்னூட்டி வைத்திருக்கும் தரைவீட்டுக்காரருக்கு அது பொருட்டே இல்லை. பொது நிறுத்துமிடத்தில் அண்டைவீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் உங்களுக்கு அது அன்றாட வேலை.

வீவக நிறுத்துமிடங்களில் மின்னூட்டிகள் பெருகி வருகின்றன என்பது உண்மை. 2030-க்குள் தீவு முழுவதும் 60,000 மின்னூட்டு முனைகள் என்பது அரசின் இலக்கு. அவற்றில் 40,000 பொது நிறுத்துமிடங்களில் அமையும். ஆயினும் உங்கள் புளோக்கின் பலமாடி நிறுத்துமிடத்தில் இன்று எத்தனை முனைகள் உள்ளன, இரவு எட்டு மணிக்கு அவற்றில் எத்தனை காலியாக இருக்கின்றன என்பதுதான் உங்கள் கேள்வி. அங்குள்ள மின்னூட்டு நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, இரண்டு வாரத்திற்கு மாலை ஏழிலிருந்து பத்து மணி வரை நிலவரத்தைப் பார்த்துவாருங்கள். காரைச் சோதித்து ஓட்டுவதைவிட இந்தச் சோதனை முக்கியமானது என்பேன். மின்னூட்டி முடித்த பிறகும் நகர்த்தப்படாத காருக்குத் தனிக் கட்டணம் விதிக்கும் நிறுவனங்கள் உண்டு. இரவில் அதற்கு விலக்கு அளிப்பவையும் உண்டு. உங்கள் நிறுத்துமிடத்தில் எந்த விதி என்று தெரிந்துகொள்ளுங்கள். கணவர் வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒன்பதரை மணிக்குக் காரை வேறிடத்திற்கு மாற்றக் கீழே இறங்க வேண்டும் என்றால், முதல் மாதம் இறங்குவார். நான்காம் மாதம் இறங்குவாரா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இதில் காரின் உள்மின்னூட்டியின் திறனையும் கவனிக்க வேண்டும். நிறுத்துமிடத்தில் 7.4 அல்லது 22 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், கார் எவ்வளவு ஏற்றுக்கொள்ளுமோ அவ்வளவுதான் ஏறும். சில பிளக்-இன் கார்கள் 3.6 கிலோவாட் மட்டுமே ஏற்கும். தீர்ந்த மின்கலம் நிறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். 6.6 கிலோவாட் ஏற்கும் காரில் அது இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டிசி விரைவு மின்னூட்டு வசதி பல பிளக்-இன் கார்களில் இருப்பதே இல்லை. மின்னூட்டுத் துளை காரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கம்பி எட்டுமா, கம்பியைக் கார் நிறுவனம் தருகிறதா, நாம் வாங்க வேண்டுமா என்பனவும் சின்ன விஷயங்கள் போலத் தோன்றி அன்றாடம் தொல்லை தருபவை. ஜப்பானிலிருந்து தனியார் இறக்குமதியாளர் வழியாக வரும் வண்டியாக இருந்தால், அதன் துளை அந்நாட்டு டைப் 1 ஆகவும் விரைவு மின்னூட்டுத் துளை சாடெமோ ஆகவும் இருக்கக்கூடும். சிங்கப்பூரின் பொது மின்னூட்டிகள் டைப் 2, சிசிஎஸ்2 வகையைச் சேர்ந்தவை என்பதால் அதைக் கட்டாயம் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னூட்டி காலியில்லை என்பதற்காக நிறுத்துமிடத்துப் பொதுச் சுவரிலுள்ள மூன்றுமுனை பிளக்கில் செருகும் யோசனை மட்டும் வேண்டாம். மின்னூட்டும் கருவிகள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது.

இனிச் செலவு. நீங்கள் உங்கள் பெட்ரோல் நிலையத்தின் விலையையும் செயலியில் காணும் மின்கட்டணத்தையும் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நான் பெட்ரோல் லிட்டருக்கு 2 வெள்ளி 80 காசு என்றும், பொது மின்னூட்டியில் ஒரு கிலோவாட்-மணி 60 காசு என்றும் எடுத்துக்கொள்கிறேன். மின்னூட்டும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 23 கிலோவாட்-மணி வாங்க வேண்டியிருக்கும். அதாவது 13 வெள்ளி 80 காசு. அதே அளவிலான சாதாரண ஹைப்ரிட் 6.5 லிட்டர் குடிக்கும் என்றால் 18 வெள்ளி 20 காசு. வித்தியாசம் 4 வெள்ளி 40 காசு. வேலைநாள்களில் ஆண்டுக்கு 14,000 கிலோமீட்டரையும் முழுக்க மின்சாரத்தில் ஓட்டினாலும் மிச்சம் ஏறத்தாழ 616 வெள்ளிதான். பத்தாண்டில் 6,000 வெள்ளியைச் சற்றே தாண்டும். வங்கி அட்டையும் பெட்ரோல் நிலைய உறுப்பினர் அட்டையும் சேர்ந்து தரும் தள்ளுபடியால் உங்களுக்கு லிட்டர் 2 வெள்ளி 35 காசுக்குக் கிடைக்கிறது என்றால் அந்த வித்தியாசம் 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை வெள்ளியாகச் சுருங்கி, ஆண்டு மிச்சம் 210 வெள்ளியளவில் நின்றுவிடும். மின்னூட்டாமல் ஓட்டும் நாள்களில் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். தீர்ந்த மின்கலத்தின் எடையையும் சுமந்து ஓடும் பிளக்-இன் கார், இலகுவான சாதாரண ஹைப்ரிட்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே பெட்ரோல் எடுக்கும்.

மின்சாரம் 30 காசுக்குக் கிடைத்தால் படம் அடியோடு மாறுகிறது. அப்போது 100 கிலோமீட்டருக்கு 6 வெள்ளி 90 காசுதான். தள்ளுபடியில்லாப் பெட்ரோல் விலையோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 1,580 வெள்ளியளவுக்கு மிச்சமாகும். வேலையிடத்தில் வசதி உண்டா என்று கேட்கச் சொன்னது இதனால்தான். கணவரின் நிறுவனம் ஊழியர்களுக்குக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ மின்னூட்ட இடம் தருகிறதா, அது எழுத்தில் உள்ள ஏற்பாடா அல்லது இன்றைய மேலாளரின் தாராள மனமா என்று அவர் விசாரிக்கட்டும். பகலில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் காருக்கு 3.6 கிலோவாட்டே போதுமானது. இரவுநேரக் காத்திருப்பும் இல்லை.

14,000 வெள்ளி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. காரின் பொதுச் சந்தை மதிப்பில் (வரிகளைச் சேர்க்கும் முன் சுங்கத் துறை மதிப்பிடும் விலையில்) முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடும், அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடும் என ஏறிக்கொண்டே போய், 80,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு 320 விழுக்காடு வரை கூடுதல் பதிவுக் கட்டணம் விதிக்கப்படுகிறது. பெரிய மின்கலத்தால் ஒரு காரின் மதிப்பு 140 விழுக்காட்டுப் படிநிலையில் 5,000 வெள்ளி உயர்ந்தால், அதற்குச் சுங்கத் தீர்வை 20 விழுக்காடாக 1,000, பொருள் சேவை வரி 9 விழுக்காடாக 540, பதிவுக் கட்டணம் 7,000 என்று சேர்ந்து, விற்பனையாளரின் இலாபம் இல்லாமலேயே 13,540 வெள்ளியாகிவிடுகிறது. ஆக, தொழிற்சாலையில் சிறிதாக இருக்கும் விலை வேறுபாடு நம் ஊரில் ஏறக்குறைய மூன்று மடங்காக வீங்குகிறது. பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, பத்தாண்டுக்குள் காரைப் பதிவுநீக்கும்போது பார்ஃப் கழிவாகத் திரும்பும் என்று விற்பனையாளர் சொல்வார். அந்த விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறியுள்ளன என்பதால், உங்கள் கார் பதிவாகும் மாதத்திற்குரிய கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்குக் கடன் 60 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது, தவணையும் ஏழாண்டைத் தாண்டாது. எனவே 14,000-இல் 5,600 வெள்ளியை நீங்கள் முதல் நாளே ரொக்கமாகக் கட்டியாக வேண்டும்.

மின்சாரக் கார்களுக்கான சலுகைகள் இதற்கும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 2026 இறுதியில் முடிவடையும் முன்னோடிப் பயனர் சலுகை முழு மின்சாரக் கார்களுக்கு மட்டுமே உரியது. வாகனப் புகைக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும், பிளக்-இன் கார் எடுக்கும் ஒவ்வொரு வாட்-மணிக்கும் 0.4 கிராம் கரியமில வாயு என்று சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கார் எந்தப் படிநிலையில் வருகிறது, அது தள்ளுபடியா, கூடுதல் கட்டணமா, இரண்டும் இல்லையா என்பதை விலைச்சீட்டில் பாருங்கள். சாலை வரி இன்னொரு மறைவிடம். ‘1.5 லிட்டர் எஞ்சின்தானே’ என்று நினைப்போம். ஹைப்ரிட் கார்களுக்கு எஞ்சின் கொள்ளளவின்படி வரும் வரி, மின்திறனின்படி வரும் வரி ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதுவே விதிக்கப்படும். ஆண்டுத் தொகையை எண்ணாகவே கேளுங்கள்.

உங்கள் மலேசியப் பயணங்களைப் பொறுத்தவரை பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து நகரும்போது எஞ்சின் அணைந்திருக்க, மின்சாரத்தாலேயே ஏர்கான் ஓடிக்கொண்டிருப்பது பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. (ஏர்கான் மட்டும் மணிக்கு ஒன்றிரண்டு கிலோவாட்-மணி எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.) அதற்கப்பால் ஈப்போ வரை ஏறத்தாழ 550 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் மின்சாரம் விரைவாகத் தீரும் என்பதால் ஜோகூரிலுள்ள ஆயர் ஹீத்தாமை அடையும் முன்பே அது சாதாரண ஹைப்ரிட்டாக மாறிவிடும். ஆகையால் மின்கலத்தின் இருப்பைச் சேமித்து வைக்கும் பொத்தான் காரில் உள்ளதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் பெட்ரோலில் ஓட்டி, ஊருக்குள் நுழைந்தபின் மின்சாரத்திற்கு மாறுவதே சிக்கனம். பெட்ரோல் கலன் உள்ள எந்தச் சிங்கப்பூர்க் காரையும் போல இதற்கும் எல்லை தாண்டும்போது முக்கால் கலன் விதி (சிங்கப்பூரிலிருந்து வெளியேறும்போது கலன் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும்) பொருந்தும். அங்கே வெளிநாட்டுக் காருக்கு மானிய விலை ரோன்95 பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இந்தப் பயணங்கள் இல்லாதிருந்தால், இரவு மின்னூட்ட இடம் அரிதாகக் கிடைக்கும் நிலையிலும் முழு மின்சாரக் காரையே உங்களுக்குப் பரிந்துரைத்திருப்பேன்.

காரை நேரில் பார்க்கப் போகும்போது அத்தையையும் மாமாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் கூட்டமாக வந்துவிட்டார்களே என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குச் சிறுவர் இருக்கையோ உயரம் கூட்டும் இருக்கைத் திண்டோ கட்டாயம் என்பதால், உங்கள் சின்னவருக்கு உறுதியாகவும் பெரியவருக்கு அநேகமாகவும் அது தேவைப்படும். நடுவரிசையில் சிறுவர் இருக்கையைப் பொருத்திய பிறகு, அந்த இருக்கையை நகர்த்திப் பின்வரிசைக்குள் நுழைய முடிகிறதா என்று உண்மையிலேயே பொருத்திப் பாருங்கள். பல கார்களில் முடியாது. முழங்கால் வலி உள்ள அத்தை மூன்றாம் வரிசைக்குப் போக முடியாது, முன்னிருக்கையிலோ நடுவரிசையிலோதான் உட்கார வேண்டும். ஆகவே பின்னால் உட்காரப் போவது பெரிய பிள்ளையும் நீங்களும்தான். அங்கே பத்து நிமிடமாவது உட்கார்ந்து, குளிர்காற்று வருகிறதா, முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கிறதா, பாதம் வைக்கும் தளம் மின்கலத்தால் உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பிளக்-இன் வடிவத்தில் மின்கலத்திற்கு இடம் விடுவதற்காக மூன்றாம் வரிசையைக் குறுக்குவதும், பொருள் வைக்கும் பின்பெட்டியின் தளத்தை உயர்த்துவதும், ஸ்பேர் டயருக்குப் பதிலாகப் பழுது ஒட்டும் திரவக் குப்பியைத் தருவதும் வழக்கம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் டயர் கிழிந்தால் அந்தக் குப்பி உதவாது. ஏழு பேர் அமரும்போது பின்பெட்டியில் மிஞ்சும் இடத்தில் ஈப்போ பயணத்திற்கான பைகள் அடங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து அகலம். வாகன நிறுத்தக் கட்டத்தின் வழக்கமான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். 1.9 மீட்டர் அகலமுள்ள எஸ்யூவியை நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் 25 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அத்தை இறங்கக் கதவை அகலத் திறக்க முடியாது என்பதால் அவரை முன்கூட்டியே இறக்கிவிட்டு நிறுத்தும் பழக்கம் வரும். அவரைத் தரையிலிருந்து இருக்கைக்கு ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்து, கைப்பிடி எட்டுகிறதா, இருக்கை இடுப்பின் உயரத்திலேயே இருக்கிறதா என்று கவனியுங்கள். எஸ்யூவி உயரமானது என்பதாலேயே முதியவர்களுக்கு வசதியானது என்று சொல்லிவிட முடியாது.

சோதனை ஓட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்திக் கேளுங்கள்: மின்கலம் தீர்ந்த நிலையில் ஓட்ட வேண்டும். காட்சிக்கூடத்துக் கார்கள் எப்போதும் முழுதும் மின்னூட்டப்பட்டே இருக்கும். அந்த அமைதியும் துள்ளலும் யாரையும் மயக்கும். இருப்பு கீழே போனபின் சிறிய எஞ்சின்தான் மின்கலத்தையும் சமாளித்துக் காரையும் இழுக்க வேண்டும். அப்போது விரைவுச்சாலையின் நுழைவுச் சாய்வில், ஏர்கான் ஓட, ஆறு பேரை வைத்துக்கொண்டு 90 கிலோமீட்டர் வேகத்திற்கு அழுத்திப் பாருங்கள். எஞ்சின் கூச்சலிட்டும் வேகம் வராவிட்டால், கேமரன் மலை ஏறும் நாளில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இப்படி ஓட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் என் வாடிக்கையாளர்களை அனுப்புவதில்லை. பிரேக்கையும் கவனியுங்கள்; மின்சாரத்தை மீட்கும் நிலையிலிருந்து சாதாரண பிரேக்குக்கு மாறும் இடத்தில் சில கார்கள் சற்றே குலுங்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அது தெரியும்.

மின்கல உத்தரவாதம் பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் என்று இருக்கும், சிஓஇயோ பத்தாண்டு. கடைசி இரண்டாண்டு உங்கள் பொறுப்பு. தினமும் நிறைந்து தினமும் தீரும் சிறிய மின்கலம், வாரம் ஒருமுறை நிறையும் பெரிய மின்கலத்தைவிடப் பல மடங்கு சுழற்சிகளைக் காணும் என்பதால் இது வெறும் அச்சமில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலம் சுழற்சிகளை அதிகம் தாங்கும். உங்கள் பயன்பாட்டுக்கு அதையே விரும்புவேன். உத்தரவாதத்தில் கொள்திறன் எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண் இல்லையென்றால், அந்த எட்டு ஆண்டுக்கு அதிகம் பொருளில்லை. எஞ்சின் குறைவாக ஓடினாலும் எண்ணெய் மாற்றம் ஆண்டுக் கணக்கில் வந்தே தீரும். இரண்டு இயந்திரங்களைப் பராமரிக்கிறீர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சொல்லும் நான்கு வயதான ஐரோப்பியக் காரை நான் எச்சரிக்கையோடே பார்க்கிறேன். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மின்கலங்கள் பெரிதும் மாறியிருக்கின்றன: வால்வோ எக்ஸ்சி90 டி8 2015-இல் வந்தபோது 9.2 கிலோவாட்-மணி, 2022 மாதிரியில் 18.8. முந்தைய தலைமுறைச் சிறிய மின்கலத்தோடு வந்த காராக இருந்தால், தேய்மானத்திற்குப் பிறகு உங்கள் கணவர் ஜூரோங் போய்ச் சேர்வதற்குள்ளேயே மின்சாரம் தீர்ந்துவிடலாம். திரும்பி வருவது முழுக்கப் பெட்ரோலில்தான். மின்கல உத்தரவாதத்தில் மிஞ்சியிருப்பது நான்காண்டு, சிஓஇயில் ஆறாண்டு. விலை மிகவும் ஈர்ப்பாக இருந்து வாங்கியே தீருவது என்றால், அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் மின்கலத்தின் நலநிலையை அளந்த அறிக்கை, உயர்மின்னழுத்தக் குளிரூட்டும் அமைப்பின் சோதனை, மின்னூட்டுத் துளையின் நிலை ஆகியவற்றைப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் மின்னூட்டவே இல்லை என்றால் துளை புதிதுபோல் இருக்கும். அதை நல்லதென்று எடுத்துக்கொள்வதா என்பது மின்கல அறிக்கையைப் பார்த்தபின்தான் தெரியும்.

புதிய காருக்கே போவதானால், விலைச்சீட்டில் சிஓஇ உறுதி செய்யப்பட்டதா, இல்லையென்றால் எத்தனை ஏலச் சுற்றுகளுக்கு முயல்வார்கள், ஏல விலை கூடினாலோ குறைந்தாலோ வேறுபாடு யாருக்கு, எந்தப் பிரிவில் ஏலம் கேட்கிறார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். பெட்ரோல் எஞ்சின் காருக்குச் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவின் வரம்பு 1,600 சிசியும் 97 கிலோவாட்டும் என்பதால், ஏழு இருக்கைக் கார்கள் பல பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவிலேயே வரும். அதோடு, மின்கலம் தீர்ந்த நிலையில் எரிபொருள் செலவு, உள்மின்னூட்டியின் கிலோவாட் அளவு, மின்கல உத்தரவாதத்தின் கொள்திறன் விழுக்காடு ஆகிய மூன்றையும் அதே தாளில் எழுதி, நிறுவன முத்திரையோடு தரச் சொல்லுங்கள். கணவரின் வேலையிடத்திலிருந்து பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.